கையெழுத்து ஒரு ஆஸ்பத்திரியோடு, வேலை மூன்று ஆஸ்பத்திரிகளில்: ரெசிடென்ட் எதைக் கேட்டு வைக்க வேண்டும்?

முள்ளியவளையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, வவுனியாவில் இன்டேர்ன் முடித்தவர். அமெரிக்காவில் பொது மருத்துவ ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு செய்யும் நிபுணத்துவப் பயிற்சி, கிடைத்திருக்கிறது, ஜூலை 1 தொடக்கம். அதைச் செய்பவரைத்தான் ரெசிடென்ட் என்பார்கள். அவருக்கு வந்த முதல் வருட அட்டவணையில் இரண்டு மாதம் 90 கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலும், ஒரு மாதம் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியிலும் என்று போட்டிருக்கிறதாம். "நான் கையெழுத்து வைத்தது ஒரு ஆஸ்பத்திரியோடு மட்டும்தான். மற்ற இரண்டு இடத்திலும் எனக்கு யார் பொறுப்பு? பிழை ஏதும் நடந்தால் என்ன செய்வது? தெரியாமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்கிறார்." இதுதான் கேள்வி.

அப்பாவின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. நுண்கடனுக்குக் குழுவாகக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கடனையும் சேர்த்துக் கட்டிய அம்மாக்கள் வன்னியில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும் டொக்டர்மார் திரும்பி வருவோம் என்று அமைச்சுக்கு எழுதிக் கொடுக்கும் பொண்ட், அதற்குப் பிணை நிற்க ஆள் தேடி அலைவது, இதெல்லாம் அவரும் கேள்விப்பட்டிருப்பார். அதனால் முதலில் அவருக்கு ஒரு ஆறுதல். அமெரிக்காவில் ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது 1981இல் தொடங்கிய ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அமைப்பு. பயிற்சி முடிந்த பிறகு இந்தப் பகுதியில் வேலை செய்யக்கூடாது, போட்டி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று ரெசிடென்டிடம் எழுதி வாங்க அதன் விதி அனுமதிப்பதில்லை. இந்த விஷயத்தில் யாரும் உங்களைக் கட்டிப்போட முடியாது.

நான் கிளிநொச்சியில் வளர்ந்தவள். அமெரிக்காவில் ரெசிடென்சி செய்து, பிறகு அங்கேயே வேலை பார்த்து, கடைசி நான்கு வருடம் ரெசிடென்ட்மாரை வெளி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒழுங்குகளைக் கவனித்த குழுவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். அந்த ஒழுங்குகளை எழுதி வைக்கும் கடிதங்கள் நிறையப் பேரின் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வி ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். இங்கே விசேட வைத்திய நிபுணர் பயிற்சி முழுவதும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் நடக்கிறது. நாங்கள் பி.ஜி.ஐ.எம். என்போம். அந்தப் பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார் ஒருவர் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தாலும் சம்பளம் தருவது அதே சுகாதார அமைச்சு. அனுப்புவதும் அரசாங்கம், ஏற்றுக்கொள்வதும் அரசாங்கம். யார் யாரோடு ஒப்பந்தம் எழுதுவது? ஒரு நியமனக் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் சட்டத்தின் முன் தனித்தனி ஆள். தனித்தனிக் காப்புறுதி, தனித்தனிக் கணக்கு, தனித்தனிச் சட்டத்தரணிகள். ஒரு ஆஸ்பத்திரி தன் சம்பளத்தில் இருக்கும் டொக்டரை இன்னொன்றின் வாட்டில் வேலை செய்ய விடுகிறது என்றால், எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரத்தைச் சாரதியோடு சேர்த்து வாடகைக்கு விடுவோமே, அதையே நினைத்துக்கொள்ளுங்கள். சாரதி ஒருவருடைய ஆள், வயல் இன்னொருவருடையது. வரம்பில் மெசின் பிரண்டு ஆருக்கும் காயம் வந்தால் யார் பொறுப்பு? இதே மாதிரி ஒரு வழக்கு 1946இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை வரை போனது. லிவர்பூல் துறைமுகத்துக்குப் பொறுப்பான சபை ஒரு பாரந்தூக்கியை அதை இயக்குபவரோடு சேர்த்து வாடகைக்குக் கொடுத்தது. வேலை நடக்கும்போது இயக்குபவர் வாடகைக்கு எடுத்தவருடைய ஆள் என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஒருவர் காயப்பட்டார். நீதிபதிகள் அந்த வரியோடு நிற்கவில்லை. அந்த மனிதர் தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பார்த்து, துறைமுகச் சபைதான் பொறுப்பு என்று தீர்த்தார்கள். அது இங்கிலாந்துத் தீர்ப்பு. ஆனால் இரவல் ஆள் என்ற இந்தச் சிக்கல் அமெரிக்கச் சட்டத்திலும் உண்டு. ரெசிடென்ட் வழக்குகளிலும் இதே கேள்வி எழும்: அந்த நேரம் அவரைக் கட்டுப்படுத்தியது யார்?

சரி, கடதாசிகளுக்கு வருவோம். மூன்று இருக்கும். முதலாவது நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம், அது வருடா வருடம் புதுப்பிக்கப்படும். இரண்டாவது இரண்டு ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பெரிய ஒப்பந்தம். காசு, காப்புறுதி, எப்படி முடித்துக்கொள்வது எல்லாம் அதில். அதை உங்களுக்குக் காட்டாமலும் விடலாம். மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் பயிற்சித் திட்டத்துக்கும் அந்த வெளி ஆஸ்பத்திரிக்கும் இடையிலான இணக்கக் கடிதம். கட்டாயப் பயிற்சிக்கு ரெசிடென்டை வெளியே அனுப்பும் ஒவ்வொரு இடத்துக்கும் இது இருக்க வேண்டும், குறைந்தது 10 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்பது ஏ.சி.ஜி.எம்.இ. விதி. பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான். அங்கே உங்களைப் படிப்பிக்கவும் மேற்பார்வை செய்யவும் பொறுப்பானவர்கள் யார், உங்களை மதிப்பீடு செய்வது யார், எத்தனை மாதம் என்ன படிக்கப் போகிறீர்கள், அந்த மாதங்களில் எந்த ஆஸ்பத்திரியின் விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பன அதில் இருக்கும். இதில் நீங்கள் கையெழுத்து வைப்பதில்லை. ஆனால் கேட்டால் உங்கள் பயிற்சித் திட்டத்தின் இணைப்பாளர் பெரும்பாலும் பிரதி தருவார். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மேலதிகாரியிடம் கடதாசி கேட்பதே மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இருக்கிறது. அங்கே அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் இரண்டாம் வருட ரெசிடென்டாக ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பகலில் எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நாள் இரவு, சுவாசம் கஷ்டப்பட்டுக்கொண்டு ஒரு வயதான மனிதர் வாட்டில் கிடந்தார். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. கட்டிடத்தில் என்னைத் தவிர இருந்த டொக்டர் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒருவர் மட்டும், அவருக்கும் கை நிறைய நோயாளிகள். எனக்குத் தந்த மேற்பார்வை இலக்கத்துக்கு அடித்தேன். அந்த இலக்கத்துக்குரியவர் அதற்கு முந்தைய வருடமே அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார். கடிதத்தில் அவர் பெயர் அப்படியே கிடந்தது, யாரும் மாற்றவில்லை. ஒரு தாதிதான் உள்ளூர் டொக்டர் ஒருவரின் வீட்டு இலக்கத்தைத் தேடி எடுத்துத் தந்தார். அவர் வந்து சேர 40 நிமிடம் எடுத்தது. நோயாளி பிழைத்தார். ஆனால் அந்த 40 நிமிடத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வவுனியாவில் இன்டேர்னாக இருந்தபோது எவ்வளவு நெருக்கடியான இரவிலும், எனக்கு மேலே யார், அவருக்கு மேலே எந்தக் கன்சல்டன்ட் ஒன்-கோல் என்று எனக்குத் தெரியும். எவ்வளவோ வசதி இருந்த இடத்தில் அது தெரியாமல் நின்றேன்.

அதனால் கடிதத்தில் உள்ள பெயருக்குரியவர் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வெளி இடத்திலும் பயிற்சிக்குப் பொறுப்பாக ஒருவரைப் பயிற்சிப் பணிப்பாளர் நியமித்திருக்க வேண்டும் என்பதும் விதி. அவர் இரவில் உங்கள் பக்கத்தில் நிற்பவராக இருக்கத் தேவையில்லை, ஆகவே இரண்டாவது கேள்வியும் வேண்டும்: இரவில் பொது மருத்துவ டொக்டர் கட்டிடத்துக்குள் இருப்பாரா, வீட்டில் இருந்து தொலைபேசியிலா? முதல் வருட ரெசிடென்ட் நோயாளியைப் பார்க்கும் முக்கியமான கட்டங்களில், தொடக்கத்தில் மேற்பார்வையாளர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் கிடைப்பார் என்று பதில் வந்தால், அந்த இடத்துக்கு உங்களை வருடத்தின் பிற்பகுதியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நான் குழுவில் இருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்ட ரெசிடென்ட்மாரால்தான் இரண்டு பழைய கடிதங்கள் திருத்தப்பட்டன.

அடுத்தது பிழை நடந்தால் என்ன என்ற கேள்வி. உங்கள் தாய் ஆஸ்பத்திரி, அதாவது உங்களுக்குச் சம்பளம் தரும் இடம், தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி தர வேண்டும். பயிற்சிக் காலத்தில் செய்த வேலைக்காக, பயிற்சி முடிந்து போன பிறகு வழக்கு வந்தாலும் அந்தக் காப்பு உங்களுக்கு இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. இது ஏன் பெரிய விஷயம் என்றால், காப்புறுதி இரண்டு வகை. ஒன்று, சம்பவம் நடந்த நாளில் காப்புறுதி இருந்தால் போதும், வழக்கு எப்போது வந்தாலும் பார்த்துக்கொள்ளும். மற்றது, வழக்கு வரும் நாளிலும் காப்புறுதி நடைமுறையில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகைக்குப் பயிற்சி முடிந்த பிறகும் தொடரும் நீட்சி ஒன்று வாங்க வேண்டும், வால் என்றே சொல்வார்கள். அதை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தங்களில் அடிக்கடி காணும் தொகை ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டொலர், வருடத்துக்கு மொத்தம் 30 லட்சம் டொலர். தொகையை விட முக்கியம், அந்தக் காப்பு வெளி ஆஸ்பத்திரியில் செய்யும் வேலைக்கும் உண்டு என்று எழுதியிருப்பது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குச் சில மாநிலங்களில் அரச ஊழியருக்குரிய சட்டப் பாதுகாப்பு இருக்கும், அது தனியார் ஆஸ்பத்திரியில் நிற்கும்போதும் கூட வருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். காப்புறுதி விவரத்தைக் கேட்டால் எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை.

படைவீரர் ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து இலட்சக்கணக்கான படையினர் திரும்பி வந்தபோது பார்க்க டொக்டர்மார் போதவில்லை. 1946 ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரிகளை நடத்தும் அரச திணைக்களம் மருத்துவ பீடங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு கொள்கைக் கடிதம் வெளியிட்டது. அந்த உறவு இன்றைக்கும் தொடர்கிறது. அதனால் அவர்களுக்கென்று நிலையான ஒப்பந்தப் படிவமே உண்டு. அங்கே உங்கள் கடமைக்குள் நடக்கும் பிழைக்குக் கூட்டாட்சி அரசாங்கமே பதில் சொல்லும், 1946இலேயே வந்த ஒரு சட்டத்தின்படி. ஆனால் உள்ளே போக அவர்களுடைய நியமனக் கடதாசி, கைரேகை, பின்னணிப் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும். வெளிநாட்டவருக்கு இது இழுபடும். போன உடனேயே தொடங்குங்கள்.

ஊசி குத்தினால்? இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, ஆனால் ரெசிடென்ட்மாருக்கு நடக்கும் விஷயம் இதுதான். வெளி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போது குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். இந்த நேரத்தில் "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று 90 கிலோமீற்றர் அனுப்பக்கூடாது. நல்ல ஒப்பந்தத்தில் முதல் சிகிச்சையும் நோயாளியின் இரத்தப் பரிசோதனையும் வெளி ஆஸ்பத்திரி செய்யும், செலவு தாய் ஆஸ்பத்திரியின் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியில் போகும் என்று தெளிவாக இருக்கும். எங்கே போக வேண்டும், எந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டு, உங்கள் அடையாள அட்டைக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

வேலை நேரம் இரண்டு இடத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கு. நான்கு கிழமைச் சராசரியில் கிழமைக்கு 80 மணித்தியாலம், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. வெளி ஆஸ்பத்திரியில் இருந்தபடி தாய் ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கும் ஒரு நாள் வரச் சொன்னால் அதுவும் இதற்குள் அடங்கும். காசு விஷயம் உங்களைப் பெரிதாகத் தொடாது. மெடிக்கெயார் என்ற அரச திட்டம் ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சிச் செலவில் பங்கு கொடுக்கிறது, ஒரே ரெசிடென்டின் ஒரே நேரத்தை இரண்டு ஆஸ்பத்திரிகள் கணக்குக் காட்ட முடியாது. அதனால் எந்த நாள் எங்கே நின்றீர்கள் என்ற பதிவைச் சரியாகப் போடுங்கள். அவ்வளவுதான்.

போக்குவரத்தைப் பற்றி ஒப்பந்தம் பெரும்பாலும் பேசாது. 90 கிலோமீற்றர் என்பது ஏறக்குறைய வவுனியாவில் இருந்து கிளிநொச்சி தாண்டிப் போகும் தூரம். இரவு முழுவதும் கண்விழித்துவிட்டு ஏ-9இல் வாகனம் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள், மாடு குறுக்கே வந்தால் முடிந்தது கதை. அங்கே மாட்டுக்குப் பதில் மான் வரும், பனி வரும். படுத்து எழும்ப இடமும், களைத்துப்போன ரெசிடென்ட் பத்திரமாக வீடு போக ஒழுங்கும் இருக்க வேண்டும் என்பது ஏ.சி.ஜி.எம்.இ. விதி. அந்த இரண்டு மாதத்துக்குத் தங்குமிடம் தருவார்களா, எரிபொருள் காசு உண்டா என்று கேளுங்கள். தரும் இடங்கள் இருக்கின்றன, கேட்காதவருக்குத் தானாக வராது.

வெளி ஆஸ்பத்திரி விரும்பினால் ஒரு ரெசிடென்டை அங்கிருந்து விலக்கலாம் என்ற வாசகம் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. பயப்பட வேண்டாம். நோயாளிக்கு ஆபத்து என்று நினைத்தால் அவர்களுக்கு அந்த உரிமை வேண்டும்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: காரணத்தை எழுத்தில் தருவது, பயிற்சிப் பணிப்பாளரோடு கலந்து பேசுவது, தண்டனை நடவடிக்கை எதையும் தாய் ஆஸ்பத்திரி மட்டும் எடுப்பது. இடைநிறுத்தினாலோ வெளியேற்றினாலோ உங்கள் பக்கத்தைச் சொல்ல முறையான விசாரணை வழி இருக்க வேண்டும். ஒப்பந்தமே இடையில் முறிந்தால் ஏற்கனவே அங்கே நிற்பவர்கள் தங்களுக்குரிய மாதங்களை முடிக்கலாம் என்ற வரியும் நல்லது.

இனி விசா. இது உங்களுக்கென்று தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே பிறந்த உங்கள் சக ரெசிடென்ட்மாருக்கு இந்தக் கவலை இல்லை, ஆகவே அவர்கள் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் போகிறீர்கள் என்றால், வெளி ஆஸ்பத்திரிகளும் உங்கள் விசா அனுசரணை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மேலதிகக் காசுக்கு வெளியே ஒரு இரவு வேலை கூடச் செய்ய முடியாது, அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் இலங்கைக்குத் திரும்பி வரவேண்டும் அல்லது விலக்குப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் இந்த விசாவோடு வரும். அப்பா பயப்படும் பொண்டுக்கு மிகக் கிட்ட வருவது இதுதான், அவருக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். எச்-1பி என்ற வேலை விசா என்றால் விண்ணப்பத்தில் எழுதிய வேலை இடங்கள்தான் கணக்கு. 90 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரி அந்தப் பகுதிக்கு வெளியே விழுந்தால் விண்ணப்பத்தைத் திருத்த வேண்டி வரலாம். அந்த ஆஸ்பத்திரி பக்கத்து மாநிலத்தில் இருந்தால், அந்த மாநிலத்தின் பயிற்சி அனுமதியும் தேவையா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே வரிசையாகச் சொன்னால், இந்தக் கிழமையே இணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வெளியே போகும் மூன்று மாதத்துக்குரிய இரண்டு இடங்களின் முழுப் பெயரும் முகவரியும் என் விசாப் பத்திரங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது மட்டும் அதில் போதும். விசா முடியும் வரை வேறு எதையும் கலக்க வேண்டாம். போய்ச் சேர்ந்து அறிமுக நாட்கள் முடிந்ததும் இணக்கக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள். அட்டவணையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி எந்த மாதத்தில் விழுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஜூலை அல்லது ஓகஸ்டிலேயே என்றால் மேற்பார்வைக் கேள்வியை மட்டும் இப்போதே, விசா மின்னஞ்சலுக்குப் பதில் வந்த மறுநாள், தனியாக அனுப்புங்கள். கடிதம் கைக்கு வந்த பிறகு விளங்காத வரி இருந்தால் அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள், ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்.